செருப்பும் சாவியும் நினைவூட்டும் துஆக்கள்

(பாரிவாக்கத்தில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



நம் குடும்பத்தாருக்காக நாம் மனம் உருகி துஆ கேட்பது எப்போது? உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராண்டாவில்தான். ஸ்கேன் ரிப்போர்ட் வருவதற்கு முன் கைகள் தானாக உயர்கின்றன. பிள்ளையின் பரீட்சை முடிவு நாளன்று உயர்கின்றன. மற்ற நாட்களில் தொழுகைக்குப் பின் கையை ஏந்துகிறோம், பழகிய வார்த்தைகளை ஓதுகிறோம், முகத்தில் தடவிக்கொண்டு எழுந்து போகிறோம். அந்த அரை நிமிடத்தில் மனைவியின் முகமோ, ஊரில் இருக்கும் அத்தாவின் முகமோ மனதில் வந்ததா என்று கேட்டால் பதில் இல்லை. பாசம் இல்லாததால் அல்ல. ஞாபகம் வருவதில்லை, அவ்வளவுதான்.

மறதிக்கு மருந்து நினைவூட்டல். அந்த நினைவூட்டல் எங்கே இருக்கிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பழத்தைப் பார்த்துக் கேட்ட துஆ

ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 37, 38ஆவது வசனங்களை எடுத்துப் பாருங்கள். மர்யம் (அலை) அவர்கள் மிஹ்ராபில் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுப்பேற்று வளர்ப்பவர் ஜகரிய்யா (அலை). அவர் உள்ளே நுழையும் போதெல்லாம் அங்கே உணவு இருக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். அல்லாஹ்விடமிருந்து வந்தது, தான் நாடியவருக்கு அவன் கணக்கின்றிக் கொடுக்கிறான் என்று மர்யம் (அலை) பதில் சொல்கிறார்கள். அது கோடைக் காலத்தில் குளிர்காலத்துப் பழமாகவும், குளிர்காலத்தில் கோடைக் காலத்துப் பழமாகவும் இருந்தது என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள்.

அடுத்த வசனம் எப்படித் தொடங்குகிறது? "ஹுனாலிக" என்று. அந்த இடத்திலேயே, அப்போதே என்று பொருள். அந்த இடத்திலேயே ஜகரிய்யா தன் இரட்சகனிடம் துஆ கேட்டார், நல்ல சந்ததியைக் கேட்டார் என்று குர்ஆன் சொல்கிறது. அவரோ முதியவர், மனைவியோ குழந்தைப் பேறு இல்லாதவர். காலம் தவறிய பழத்தைத் தருபவன், காலம் கடந்த வயதில் பிள்ளையைத் தரமாட்டானா? ஒரு தட்டில் இருந்த பழம் அவரை அந்த துஆவுக்கு அழைத்துச் சென்றது. நாமோ கோயம்பேட்டிலிருந்து பழம் வாங்கி வருகிறோம், கிலோ என்ன விலை என்பதோடு நம் சிந்தனை முடிந்துவிடுகிறது.

பொருளைப் பார்த்து அல்லாஹ்வை நினைப்பது குர்ஆன் நமக்குப் பழக்கப்படுத்தும் பாடம். வாகிஆ அத்தியாயத்தில் நாம் விதைக்கும் விதை, குடிக்கும் தண்ணீர், மூட்டும் நெருப்பு என்று வரிசையாகக் கேள்வி கேட்டுவிட்டு, அந்த நெருப்பை ஒரு நினைவூட்டலாக ஆக்கியிருப்பதாக 73ஆவது வசனத்தில் அல்லாஹ் சொல்கிறான். அடுப்படியில் எரியும் நெருப்பைத்தான் சொல்கிறான். ஸுக்ருஃப் அத்தியாயம் 13ஆவது வசனத்தில், வாகனத்தின் மீது ஏறி அமர்ந்ததும் இரட்சகனின் அருட்கொடையை நினைக்க வேண்டும் என்று வருகிறது. வாகன துஆ நம் எல்லோருக்கும் தெரியும். அதன் முடிவில், நாம் நம் இரட்சகனிடமே திரும்பிச் செல்லக்கூடியவர்கள் என்ற அறிக்கையும் இருக்கிறது. ஆவடி – பூந்தமல்லி சாலையில் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுகிறவருக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

கதீஜா நாயகியின் கழுத்து மாலை

இப்போது ஒரு சம்பவம். அபூதாவூதில் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இது.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு. பத்ருப் போர் முடிந்துவிட்டது. மக்காவாசிகளில் பலர் கைதிகளாக மதீனாவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அபுல் ஆஸ். யார் இவர்? நபி (ஸல்) அவர்களின் மூத்த மகள் ஜைனப் (ரலி) அவர்களின் கணவர். கதீஜா (ரலி) அவர்களின் சகோதரி ஹாலாவின் மகன். மருமகன், ஆனால் எதிரணியில் நின்று பிடிபட்டவர். அவரோ அப்போது இஸ்லாத்தில் இல்லை. ஜைனப் (ரலி) மக்காவில் இருக்கிறார்கள்.

கைதிகளை மீட்க ஒவ்வொரு வீட்டாரும் ஈட்டுத்தொகை அனுப்புகிறார்கள். ஜைனப் (ரலி) அவர்களும் அனுப்புகிறார்கள். அதில் ஒரு கழுத்து மாலையும் இருக்கிறது. மகளைக் கணவர் வீட்டுக்கு அனுப்பியபோது தாய் கதீஜா (ரலி) கொடுத்தனுப்பிய மாலை அது.

அந்த மாலையைப் பார்த்ததும் நபி (ஸல்) அவர்களின் உள்ளம் கடுமையாக இளகிவிட்டது என்கிறார்கள் ஆயிஷா (ரலி). கதீஜா நாயகி மறைந்து ஐந்து ஆண்டுகள் ஓடியிருக்கும். அந்த மாலையில் அவர்களுக்கு யாரெல்லாம் தெரிந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மக்காவின் மண்ணில் அடங்கியிருக்கும் மனைவி. அதே மக்காவில் தனியாக நிற்கும் மகள். கணவனை மீட்பதற்காகத் தாயின் நினைவையே கழற்றிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்ட மகள்.

நபி (ஸல்) அவர்கள் உத்தரவு போடவில்லை. தோழர்களிடம், நீங்கள் சரியென்று கருதினால் அவளுடைய கைதியை விடுவித்து, அவளுடைய பொருளையும் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று கேட்டார்கள். தோழர்கள் சம்மதித்தார்கள். மாலை ஜைனபிடமே திரும்பிப் போனது. மகளை மதீனாவுக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று மருமகனிடம் வாக்குறுதியும் பெறப்பட்டது. பிற்காலத்தில் அபுல் ஆஸ் (ரலி) அவர்களும் இஸ்லாத்திற்கு வந்தார்கள்.

இந்த ஹதீஸில் நபியவர்கள் அந்த நேரத்தில் துஆ செய்ததாக வாசகம் எதுவும் இல்லை. இல்லாததை நாம் சேர்க்கக் கூடாது. ஆனால் ஒரு பொருள் ஒரு மனிதரை மனதுக்குள் கொண்டுவர முடியும், அந்த நினைவு ஒரு நன்மையான செயலாக மாற முடியும் என்பது இதில் தெளிவாக இருக்கிறது.

துஆவுக்கு இன்னொரு சம்பவம் இருக்கிறது, புகாரியில். ஒரு நாள் கதீஜா (ரலி) அவர்களின் சகோதரி ஹாலா வந்து வாசலில் நின்று அனுமதி கேட்கிறார்கள். அந்தக் குரல், அனுமதி கேட்கும் அந்த விதம், கதீஜா நாயகியை அப்படியே நினைவூட்டிவிட்டது. நபி (ஸல்) அவர்கள் அதிர்ந்து, அல்லாஹ்வே, இது ஹாலாவாக இருக்கட்டும் என்றார்கள். வாசலில் கேட்ட ஒரு குரல் நினைவாகி, அந்த நினைவு "அல்லாஹ்வே" என்ற சொல்லாக வெளியே வருகிறது. வீட்டில் ஆடு அறுத்தால் அதைத் துண்டுகளாக்கிக் கதீஜாவின் தோழிகளுக்கு அனுப்புவார்கள் என்பதும் புகாரியில் ஆயிஷா (ரலி) அவர்களே சொல்லும் செய்தி.

விரலில் கட்டிய நூல்

இங்கே சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். "ஹஜ்ரத், பொருளைப் பார்த்து துஆ என்றால், நாளைக்கு யாராவது மஞ்சள் கயிறு, கறுப்புக் கயிறு என்று கிளம்பிவிடுவார்களே?" நியாயமான கேள்வி. நம் ஃபிக்ஹு நூல்கள் இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கின்றன.

ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூல் ஹிதாயா. ஹிஜ்ரி 593இல் வஃபாத்தான இமாம் புர்ஹானுத்தீன் மர்ஃகீனானி (ரஹ்) எழுதியது. நம் மதரஸாக்களில் ஓதிய ஒவ்வொரு ஆலிமும் இந்த நூலைக் கடந்துதான் வந்திருப்பார். அதில் ஒரு சிறிய மஸ்அலா வருகிறது. ஒருவர் ஒரு தேவையை மறந்துவிடாமல் இருப்பதற்காகத் தன் விரலிலோ மோதிரத்திலோ நூல் கட்டிக்கொண்டால் தவறில்லை. அந்த நூலுக்கு அரபியில் "ரதீமா" என்று பெயர். அரபிகளிடம் இருந்த பழக்கம் அது. அதற்கு ஹிதாயா சொல்லும் காரணம்: இது வீண் செயல் அல்ல, மறதியின்போது நினைவுக்கு வருதல் என்ற சரியான நோக்கம் இதில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களே நூல் கட்டிக்கொண்டதாகச் சொல்லப்படும் அறிவிப்புகளை ஹதீஸ்கலை அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆகவே இதை சுன்னத் என்று சொல்ல வேண்டாம். கூடும் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அதே நூல், பாதுகாப்புத் தரும் என்று நம்பிக் கட்டப்பட்டால் அதன் பெயர் "தமீமா". அதன் சட்டம் வேறு. உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிப்பது அஹ்மதில் இருக்கிறது: பத்து பேர் கொண்ட ஒரு கூட்டம் வந்தது. ஒன்பது பேரிடம் நபி (ஸல்) அவர்கள் பைஅத் வாங்கினார்கள். ஒருவரிடம் மட்டும் வாங்கவில்லை. அவர் மீது தமீமா இருந்தது. அவர் அதை அறுத்தெறிந்த பிறகே பைஅத் வாங்கினார்கள்.

நூல் ஒன்றுதான். கட்டியவனின் உள்ளம்தான் வேறு. "இதைப் பார்த்தால் எனக்கு அல்லாஹ்விடம் கேட்க வேண்டியது ஞாபகம் வரும்" என்பவன் ஒரு பக்கம். "இது இருந்தால் ஒன்றும் ஆகாது" என்பவன் இன்னொரு பக்கம். வண்டியில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் தொங்கவிட்டுக்கொண்டு "சும்மா ஒரு வழக்கம் பாய்" என்று சொல்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அதைக் கழற்றுங்கள். நான் சொல்லும் பொருட்களுக்கு எந்த சக்தியும் இல்லை. செருப்பு செருப்புதான். அது உங்கள் நினைவைத் தட்டி எழுப்புகிறது, அதோடு அதன் வேலை முடிந்தது.

நம் வீட்டுக்குள்

வீட்டு வாசலில் இருந்து தொடங்குவோம். அபூஹுரைரா (ரலி) அவர்களின் வழக்கத்தை இமாம் புகாரி அல்அதபுல் முஃப்ரதில் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு வீட்டில், தாயார் வேறு வீட்டில். எங்காவது கிளம்ப வேண்டும் என்றால் முதலில் தாயின் வாசலில் போய் நிற்பார்கள். ஸலாம் சொல்வார்கள். தாய் பதில் ஸலாம் சொன்னதும், சிறுவயதில் நீங்கள் என்னை வளர்த்ததற்காக அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும் என்பார்கள். அதற்குத் தாய், முதுமையில் நீ எனக்கு நன்மை செய்ததற்காக அல்லாஹ் உனக்கும் ரஹ்மத் செய்யட்டும் என்பார். திரும்பி வந்தாலும் அதே வாசல், அதே ஸலாம், அதே துஆ. மஸ்ஜிதின் மிஹ்ராபில் கேட்டது அல்ல. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், வாசற்படியில் கேட்ட துஆ. "ரப்பிர்ஹம்ஹுமா" துஆவை நாம் தொழுகையில் மட்டும் வைத்திருக்கிறோம். அவர்கள் அதைத் தாய்க்குக் கேட்கும்படி தாயின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்.

இந்தத் தாயார் யார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். முன்பு இஸ்லாத்தை ஏற்க மறுத்து, நபியவர்களைப் பற்றி மகனின் மனம் நோகப் பேசியவர். மகன் அழுதுகொண்டே போய் நபி (ஸல்) அவர்களிடம் துஆ கேட்கச் சொன்னார். துஆ கேட்கப்பட்டது. வீடு திரும்பினால் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே தண்ணீர் புழங்கும் சத்தம் கேட்கிறது. தாய் குளித்து, உடையணிந்து, முக்காட்டைக்கூடச் சரியாகப் போடாத அவசரத்தில் கதவைத் திறந்து கலிமாவைச் சொன்னார். முஸ்லிமில் வரும் செய்தி. அதன் பிறகு அந்த வாசலில் நிற்கும்போதெல்லாம் அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அந்த நாள் நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா?

நம் வாசலில் என்ன இருக்கிறது? செருப்பு ஸ்டாண்டு. மகனின் ஷூ, மகளின் பள்ளிச் செருப்பு, மனைவியின் தேய்ந்த ரப்பர் செருப்பு. பஜ்ருக்கு வெளியே வரும்போது அவற்றைத் தாண்டித்தான் வருகிறோம். ஒரு ஜோடிக்கு ஒரு துஆ போதும். யா அல்லாஹ், இந்தச் செருப்பு போட்டுப் போகும் கால் தவறான இடத்துக்குப் போகாமல் காப்பாற்று. நீளமாகக் கேட்க வேண்டியதில்லை. வாய்விட்டும் கேட்க வேண்டியதில்லை.

ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட், திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டதும் ஓடுகிறார்கள். மூன்றாவது ஷிஃப்ட் முடித்து வருகிறவன் மதியம் வரை தூங்குகிறான். ஒரே வீட்டில் இருந்தும் அத்தாவும் மகனும் நேருக்கு நேர் பார்ப்பது வாரத்துக்கு ஒருமுறை. அப்படிப்பட்ட வீட்டில் கழுவிக் கவிழ்த்த டிபன் பாக்ஸ்தான் மகன் வந்து போனதற்கு அடையாளம். அதைத் துடைத்து எடுத்து வைக்கும் தாய் அந்த நேரத்தில் கேட்கும் துஆவுக்கு என்ன மதிப்பு தெரியுமா? மூன்று துஆக்கள் சந்தேகமின்றி ஏற்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது: அநீதி இழைக்கப்பட்டவரின் துஆ, பயணியின் துஆ, பெற்றவர் பிள்ளை விஷயத்தில் செய்யும் துஆ. தந்தை என்ற சொல் அதில் வந்தாலும் தாயும் அதில் சேருவார் என்று அறிஞர்கள் விளக்கம் சொல்கிறார்கள்.

பைக் சாவியையும் ஹெல்மெட்டையும் எடுத்துக் கொடுக்கும்போது, பயணம் போகிறவரின் தீனையும், அமானிதத்தையும், செயல்களின் முடிவையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்து நபி (ஸல்) அவர்கள் வழியனுப்பும் துஆவைச் சொல்லுங்கள். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு துஆவை நம்பிப் போகாதீர்கள், தலையில் போடுங்கள். பிள்ளைகளைப் படுக்க வைத்துப் போர்வை போர்த்தும்போது, ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் நபியவர்கள் ஓதிய பாதுகாவல் துஆவை ஓதுங்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மக்கள் இஸ்மாயீலுக்கும் இஸ்ஹாக்குக்கும் இதையே ஓதினார்கள் என்று நபியவர்கள் சொன்னதாகப் புகாரியில் இருக்கிறது.

இன்னொரு பொருள், சொல்லக் கொஞ்சம் கனமானது. உங்கள் ஃபோனில் மௌத்தானவர்களின் நம்பர் இருக்கிறது. "அத்தா" என்றே சேவ் ஆகியிருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கவும் ஆளில்லை. வேறு யாரையோ தேடும்போது அந்தப் பெயர் விரலுக்கடியில் வந்து நிற்கிறது. நெஞ்சில் ஒரு குத்து. அழிக்க வேண்டாம் சகோதரர்களே, இருக்கட்டும். வரும்போதெல்லாம் ஒரு மஃபிரத் கேளுங்கள். சொர்க்கத்தில் ஒருவருடைய அந்தஸ்து உயர்த்தப்படும், இது எப்படி எனக்கு என்று அவர் ஆச்சரியப்படுவார், உன் பிள்ளை உனக்காகப் பிழைபொறுக்கத் தேடியதால் என்று சொல்லப்படும் என இப்னுமாஜாவில் வருகிறது. அத்தாவின் ஃபோனுக்கு ரிங் போகாது. இது போகும்.

பீரோவில் இருக்கும் அம்மாவின் சேலையும், மூக்குக் கண்ணாடியும் அப்படித்தான். அழுவது குற்றமல்ல. யஃகூப் (அலை) அழுதார்கள், பார்வை போகும் வரை அழுதார்கள். யூஸுஃப் நபியின் சட்டை வந்து முகத்தில் போடப்பட்டதும் பார்வை திரும்பியது. அந்தச் சம்பவத்தின் தொடர்ச்சியை நாம் அதிகம் பேசுவதில்லை. தவறு செய்த மகன்கள், எங்களுக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள் அத்தா என்று வந்து நிற்கிறார்கள். இதே மகன்கள்தான் பல ஆண்டுகளுக்கு முன் பொய்யான இரத்தம் தோய்ந்த சட்டையோடு வந்தவர்கள். யஃகூப் (அலை) அவர்களை விரட்டவில்லை. உங்களுக்காகக் கேட்பேன் என்றார்கள். ஸஹர் நேரத்திற்காகத் தள்ளி வைத்தார்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாக விரிவுரைகளில் வருகிறது. ஏமாற்றிய பிள்ளைகளுக்காக துஆ கேட்பதற்கு நல்ல நேரம் பார்த்த தகப்பன் அவர்.

நாக்கு

துஆவைப் பற்றிப் பேசிவிட்டு பத்துஆவைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. நம் வீடுகளில் பொருட்கள் துஆவை நினைவூட்டுவதைவிட அதிகமாக எதை நினைவூட்டுகின்றன? நடு ஹாலில் கழற்றிப் போட்ட ஷூவைப் பார்த்ததும் வாயில் என்ன வருகிறது? "நாசமாப் போறவனே." கவிழ்ந்த பால் பாக்கெட்டைப் பார்த்ததும்? "நீ உருப்படவே மாட்டே." மொபைலைக் கீழே வைக்காத மகளைப் பார்த்து, "மண்ணாப் போ." அர்த்தம் தெரிந்தா சொல்கிறோம் என்பீர்கள்.

முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவம். புவாத் என்ற இடத்தை நோக்கிய பயணம். ஓர் ஒட்டகத்துக்கு ஐந்து, ஆறு, ஏழு பேர் என்று முறைவைத்து ஏறிப் போகும் அளவுக்கு வறுமை. ஓர் அன்ஸாரித் தோழரின் முறை வந்தது. ஏறினார், தட்டினார், ஒட்டகம் மக்கர் செய்தது. அலுப்பில் அதைச் சபித்துவிட்டார். நபி (ஸல்) அவர்கள் யார் அது என்று கேட்டு, அவரை இறங்கச் சொன்னார்கள். சபிக்கப்பட்டதோடு எங்களுடன் வர வேண்டாம் என்றார்கள். பிறகு, உங்களுக்கு எதிராகவும், உங்கள் பிள்ளைகளுக்கு எதிராகவும், உங்கள் செல்வங்களுக்கு எதிராகவும் துஆ கேட்காதீர்கள். கேட்டது கொடுக்கப்படும் நேரத்தோடு அது பொருந்திவிடக் கூடும் என்று எச்சரித்தார்கள்.

ஒட்டகத்துக்கே இந்தக் கண்டிப்பு. பெற்றவரின் துஆ தடையின்றிப் போகும் என்று சற்று முன் சந்தோஷப்பட்டோமே, அதே கதவு வழியாகத்தான் இதுவும் போகிறது. ஆகவே அதே ஷூவைப் பார்த்து, கோபம் வந்த அதே வேகத்தில், "அல்லாஹ் உனக்கு ஹிதாயத் தரட்டும்டா" என்று சொல்லிப் பழகுங்கள். கத்தியே சொல்லுங்கள், பரவாயில்லை. வார்த்தை துஆவாக இருக்கட்டும்.

திருத்த முடியாத பிள்ளை என்று நொந்துபோன பெற்றோர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். குடி, போதை மாத்திரை, ஆன்லைன் சூதாட்டக் கடன் என்று எத்தனையோ. ஃபுளைல் பின் இயாள் (ரஹ்) பெரிய இறைநேசர். அவருக்கு அலீ என்று ஒரு மகன். அலீயைப் பண்படுத்த முயன்றேன், என்னால் முடியவில்லை, நீயே எனக்காக அவனைப் பண்படுத்திக் கொடு என்று அல்லாஹ்விடம் கேட்டார்கள் என வரலாற்று நூல்களில் இருக்கிறது. அந்த மகன் பிற்காலத்தில் தந்தையே வியக்கும் வணக்கசாலியாக ஆனார். மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள், கூடவே அந்த வார்த்தையையும் கேளுங்கள்.

சாவிக்கொத்து

இதைச் சொல்லாமல் இறங்கினால் நான் அமானிதத்தை நிறைவேற்றியவன் ஆகமாட்டேன்.

வீட்டுச் சாவியைப் பார்த்து, யா அல்லாஹ் இந்த வீட்டில் பரக்கத் செய் என்று கேட்கிறோம். அந்த வீட்டில் உங்கள் சகோதரியின் பங்கு இருக்கிறதா? பாரிவாக்கத்தையும் சுற்றுவட்டாரத்தையும் பாருங்கள். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். வெளிவட்டச் சாலை வந்தது, பூந்தமல்லிக்கு மெட்ரோ வருகிறது, மனை விலை எங்கோ போய்விட்டது. அத்தா விட்டுப்போன காலி மனைக்கு இப்போது மரியாதை கூடிவிட்டது. உடனே அக்காவையும் தங்கையையும் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். "உனக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டோமே, சீர் செய்தோமே" என்கிறோம். அவளும் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்று பயந்து கையெழுத்துப் போடுகிறாள். அது மனமுவந்து விட்டுக்கொடுத்தது ஆகாது.

அந்நிஸா அத்தியாயத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று 7ஆவது வசனத்திலேயே அல்லாஹ் தீர்ப்புச் சொல்லிவிட்டான். 11ஆவது வசனத்தில் அளவையும் சொல்லிவிட்டான். சீர் கொடுத்தால் கழிந்துவிடும் என்று எங்கும் சொல்லவில்லை. முஸ்லிமில் ஒரு ஹதீஸ்: நீண்ட பயணம், பரட்டைத் தலை, புழுதி படிந்த மேனி, வானத்தை நோக்கிக் கையை ஏந்தி இரட்சகனே இரட்சகனே என்று அழைக்கிறான் ஒருவன். அவன் உணவு ஹராம், குடிப்பது ஹராம், உடை ஹராம். அவன் துஆ எப்படி ஏற்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பயணியின் துஆ ஏற்கப்படும் என்று முன்னால் பார்த்தோம். பயணியாக இருந்தும் இவனுக்கு நடக்கவில்லை.

சகோதரிக்காக துஆ கேட்பதற்கு முன் சகோதரியின் கணக்கைப் பாருங்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்காக அழுது கேட்பவர், மாதம் ஒருமுறையாவது ஃபோன் செய்தாரா, மாத்திரைக்குப் பணம் அனுப்பினாரா என்று பாருங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதற்கு துஆ ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது.

இஸ்லாத்தில் இல்லாத பெற்றோர்

நம் ஜமாஅத்தில் இஸ்லாத்தைத் தழுவி வந்த சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்க அம்மாவுக்கு நான் துஆ செய்யலாமா ஹஜ்ரத்?" தாராளமாகச் செய்யலாம். அபூஹுரைரா (ரலி) அவர்களின் தாயின் சம்பவத்தைக் கேட்டீர்களே. உயிரோடு இருப்பவர்களின் நேர்வழிக்கும், உடல் நலத்துக்கும், நீண்ட ஆயுளுக்கும் கேளுங்கள். அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களின் தாய் இணைவைப்பவராக இருந்த நிலையில் மகளைப் பார்க்க வந்தபோது, தாயோடு உறவைப் பேணிக்கொள் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இறந்துவிட்டவர்கள் விஷயத்தில் சட்டம் வேறு. அதைத் தனியாக வந்து கேளுங்கள், மேடையில் வேண்டாம். அம்மா கொடுத்தனுப்பும் தூக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, வெறும் சட்டியாகக் கொடுக்காதீர்கள். உள்ளே ஏதாவது வையுங்கள், மனதில் துஆவையும் வையுங்கள்.

மருமகனிடம் கேட்ட மாமியார்

குடும்பம் என்றால் இரத்தம் மட்டும்தானா? ஸஃப்வான் பின் அப்தில்லாஹ் (ரஹ்) ஷாம் தேசத்துக்குப் போனார். அபுத்தர்தா (ரலி) வீட்டுக்குப் போனால் அவர் இல்லை. உம்முத்தர்தா (ரஹ்) இருந்தார்கள். அவர்களின் மகளைத்தான் ஸஃப்வான் மணந்திருந்தார். இந்த ஆண்டு ஹஜ்ஜுக்குப் போகிறாயா என்று மாமியார் கேட்டார்கள். ஆம் என்றார். அப்படியானால் எங்களுக்காக துஆ செய், என்று சொல்லிவிட்டு நபிமொழியைச் சொன்னார்கள்: ஒரு முஸ்லிம் தன் சகோதரனுக்காக, அவன் இல்லாத இடத்தில் கேட்கும் துஆ ஏற்கப்படும், தலைமாட்டில் ஒரு மலக்கு நியமிக்கப்பட்டிருக்கிறார், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவர் ஆமீன் சொல்லி, உனக்கும் அதுபோல் உண்டாகட்டும் என்பார். ஸஃப்வான் கடைத்தெருவுக்குப் போனார். அங்கே மாமனார் அபுத்தர்தா (ரலி) எதிர்ப்பட்டார். அவரும் அதையே சொன்னார். முஸ்லிமில் இருக்கிறது.

நம் பக்கத்தில் மருமகனிடம் மாமியார் என்ன கேட்பார், மாமியாரிடம் மருமகள் எதை எதிர்பார்ப்பார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மேல்தளத்தில் இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று மாலை மாமியாருக்கு டீ டம்ளரை நீட்டும்போது, மருமகள் கழுவி வைத்த பாத்திரத்தை எடுக்கும்போது, அவருக்குத் தெரியாமல் ஒரு துஆ கேளுங்கள். மலக்கு உங்கள் பெயரைச் சொல்லித்தான் திருப்பிச் சொல்வார்.

இன்று ஜும்ஆ நாள். கேட்டது கிடைக்கும் ஒரு நேரம் இதில் இருக்கிறது. இமாம் மிம்பரில் அமர்ந்ததில் இருந்து தொழுகை முடியும் வரை என்று முஸ்லிமில் ஓர் அறிவிப்பும், அஸருக்குப் பின் கடைசி நேரத்தில் தேடுங்கள் என்று அபூதாவூதில் ஓர் அறிவிப்பும் வருகின்றன. அஸர் முடிந்ததும் கடைக்கோ டர்ஃபுக்கோ ஓடாமல், மஃரிபுக்கு முன் பத்து நிமிடம் வீட்டில் உட்காருங்கள். சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உரிமையாளர் இருப்பார். அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த வாரம் துஆவுக்குச் சொல்லி வந்தவர்கள்: டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் ஒரு தாயார். துபாயில் வேலை போய், விசா முடியப் போகும் ஓர் இளைஞர். குழந்தைக்காகப் பதினொரு வருடமாகக் காத்திருக்கும் ஒரு தம்பதியர். அத்தாவோடு இரண்டு வருடமாகப் பேசாமல் இருக்கும் ஒரு மகன். சொல்லி அனுப்பியது அத்தா. கைகளை ஏந்துங்கள்.